பெயர் தெரிந்த பள்ளி

தில்லி முனிர்காவின் சந்துகளில் எதிரெதிர் மாடிகள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கின்றன. நடுவே மின்கம்பிகள் சிக்குண்டு தொங்குகின்றன. ஒரு காலத்தில் ஜாட் உழவர்களின் கிராமம். இன்று மணிப்பூர், பிகார், தமிழ்நாடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் இடம். அடுத்த அறையில் இருப்பவர் பெயர் தெரியாமலே இங்கே ஆண்டுகளைக் கழித்துவிடலாம். இப்படிப்பட்ட நகரத்தில் ஒரு பிள்ளையின் பெயரை அறிந்த பெரியவர்கள், வீட்டுக்கு வெளியே எத்தனை பேர்? ஒரு பள்ளியைப் பற்றி, தேர்ச்சி விழுக்காட்டுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. சிறிய பள்ளி பெருநகரத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது.

இது வெறும் நெகிழ்ச்சியல்ல, அளந்து பார்த்த உண்மை. நியூயார்க் நகரம் 2002-க்குப் பிறகு, நலிந்துபோன பெரிய உயர்நிலைப் பள்ளிகளில் இருபதுக்கு மேற்பட்டவற்றை மூடி, ஒவ்வோர் ஆண்டு வகுப்பிலும் மொத்தம் சுமார் 100 மாணவர் கொண்ட சிறிய அரசுப் பள்ளிகளைத் திறந்தது. குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 2010-இல் அறிக்கை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் சிறிய பள்ளிகளில் 68.7 விழுக்காடு, மற்றவற்றில் 61.9. படித்தவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

மறுப்பும் உண்டு. இதே முயற்சிக்குப் பெரும்பணம் கொடுத்த பில் கேட்ஸ், தாம் உதவிய சிறு பள்ளிகள் பலவற்றில் கற்றல் பெரிதாக உயரவில்லை என்று 2009-இல் ஒப்புக்கொண்டார். ஆகவே, தலை எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது. எண்ணிக்கை குறைந்தால், காலை வருகைப் பதிவில் பதில் வராத ஒரு பெயர் ஆசிரியர் மனத்தில் தைக்க வாய்ப்புண்டு. அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று அன்றைக்கே விசாரிப்பவர் இருந்தால்தான் அந்த வாய்ப்பு பயன் தரும். ஆய்வகமும் மைதானமும் பெரிய பள்ளிகளில் கூடுதல் என்பதும் உண்மைதான். அவற்றைப் பக்கத்துப் பள்ளியோடு பகிர்ந்துகொள்ளலாம்; அக்கறையை அப்படிக் கடன் வாங்க முடியாது.

இந்த அக்கறையின் கேள்வியோடு தில்லிக்குத் திரும்புவோம். முனிர்காவை அடுத்த ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. 1923-இல் தொடங்கிய இக்கழகம் இன்று அரசு உதவியோடு ஏழு பள்ளிகளை நடத்துகிறது; அங்கே தமிழும் பாடம். தில்லியில் பிழைக்க வந்தவர்களுக்குத் தமிழ் எதற்கு, இது பிள்ளைகளை ஒதுக்கி வைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இந்தியும் ஆங்கிலமும் அங்கேயே கற்பிக்கப்படுகின்றன. தமிழரல்லாத பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒதுக்கம் எங்கே இருக்கிறது என்பதை 2025 ஜூன் 1 காட்டியது. அன்று தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீடு. அதுவும் நகரின் வடகோடியான நரேலாவில். பெற்றோரின் முதல் கவலைகளில் ஒன்று, பிள்ளைகளின் பள்ளி தூரமாகிவிட்டதே என்பது. வீடு போன பிறகும் அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் இடம் மிச்சமிருந்தது என்றால், அது பள்ளிதான்.

சிறிய பள்ளிகளை மூடுவதற்கும் இணைப்பதற்கும் கணக்குப் போடும் அதிகாரிகள் கட்டடத்தையும் சம்பளத்தையும் எண்ணட்டும். அதோடு, அங்கே பெயர் தெரிந்த பிள்ளைகளையும் எண்ண வேண்டும்.