உள்ளூர்ப் பற்றும் எழுதுகோலும்

தம் ஊர்ப் பள்ளி அணியைப் பற்றி எழுதும் செய்தியாளர் நடுநிலையில் நிற்றல் இயலுமா? ஆடுவோர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். பத்திரிகை வாங்குவோர் அவர்தம் பெற்றோர். செய்தியாளர் மாடத்தில் கைதட்டலாகாது என்பது அமெரிக்காவில் பழைய மரபு. கையை அடக்கிவிடலாம், எழுதுகோலை அடக்குவதன்றோ அரிது!

1988இல் பிஸ்ஸிங்கர் என்னும் செய்தியாளர் டெக்ஸாஸ் மாநிலத்து ஒடெஸ்ஸா நகரில் குடியேறி, பெர்மியன் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணியோடு ஒரு பருவம் முழுதும் உடனிருந்தார். (பந்தைக் கையிற் பற்றி ஓடும் அமெரிக்க ஆட்டம், நாமறிந்த கால்பந்தன்று.) பள்ளி மாணவர் ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 19,000 பேர் அமரும் அரங்கம் கொண்ட ஊர் அது. 1990இல் நூல் வெளிவந்தது. புகழ்மாலையை எதிர்பார்த்த ஊரார், நிறவேற்றுமையும், ஆட்டத்துக்காகக் கல்வி பின்தள்ளப்பட்டதும் அதில் எழுதப்பட்டிருக்கக் கண்டு வெகுண்டனர். மிரட்டல் எழுந்ததால் நூலோடு அவர் அங்கு வரவிருந்த பயணமே கைவிடப்பட்டது.

அந்நூலில் கறுப்பின மாணவன் ஒருவன் வருகிறான். அணியின் நம்பிக்கை நட்சத்திரம். முழங்காலில் காயமுற்றதும் கைவிடப்பட்டான். வெற்றியை மட்டுமே எண்ணும் எழுத்தில் இவனுக்கு இடமேது? ஊர்ச்சாய்வு எதிரணிக்கே அநீதி என்று நினைக்கிறோம். முதலில் வஞ்சிக்கப்படுபவன் சொந்த ஊர்ப் பிள்ளையே.

நேர்மையைக் குறிக்கும் 'இன்ஸாஃப்' என்னும் அரபுச் சொல், பாதியைக் குறிக்கும் 'நிஸ்ஃப்' என்பதோடு ஒரே வேரினது. அந்தப் பாதியில் காயமுற்றவனுக்கும் பங்குண்டு. அதற்காக, பந்தைத் தவறவிட்ட சிறுவனின் பெயரைத் தலைப்பில் இட்டு நடுநிலை காட்ட வேண்டியதில்லை. அது வேறொரு கொடுமை.

பிஸ்ஸிங்கர் அம்மாணவர்களிடம் பற்றற்றவராய் இருந்தாரல்லர். காயமுற்ற அவனோடு அவர் தொடர்பு பல்லாண்டு நீடித்தது. 2012இல் அவனைப் பற்றித் தனியே ஒரு சிறுநூலும் எழுதினார்.