ஏழு அங்குலம்

நிஜத்தைப் போலச் செய்கிறவனுக்கு எந்த இடத்தில் பொய் சொல்ல உரிமை இருக்கிறது? யதார்த்தவாதம் பற்றிய நம் சர்ச்சைகளில் இந்தக் கேள்வி இவ்வளவு ஸ்தூலமாக என் முன் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறது, பித்தளைத் துண்டுகளாக.

இங்கிலாந்திலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்த மாடல் எஞ்சின். ஆறு சக்கரமுள்ள பழைய டாங்க் எஞ்சின் வகை. முதல் தடவை செய்கிறவன் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பார்கள். பெட்டியில் எஞ்சின் இல்லை. ரசாயனத்தில் அரித்தெடுத்த தகடுகள் இருக்கின்றன. வெட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்து எஞ்சினாக்க வேண்டும். அளவு, நிஜத்தின் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர். இரு பக்கச் சட்டங்களையும் விலக்கி நிறுத்தும் குறுக்குத் துண்டுகள் மட்டும் மூன்று அகலங்களில் இருந்தன. ஒன்றைத்தான் உபயோகிக்க முடியும்.

பிரிட்டிஷ் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். இந்த அளவில் அது 18.83 மி.மீ. வர வேண்டும். ஆனால் அங்கே பெரும்பாலோர் ஓட்டுவது 16.5ல். அடிக்கு 3.5 மி.மீ. என்ற வேறொரு அளவுக்குச் சரியான அகலம் அது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் அவற்றுள் அடங்கவில்லை. உடலைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938ல் வந்த ஹார்ன்பி டப்ளோவும் இதே அகலம்தான். நிஜக் கணக்கில் ஏழு அங்குலம் குறைகிறது. 1960களில் சிலர் 18.83தான் என்று பிடிவாதமாகக் கிளம்பினார்கள். 18.2 என்று ஒரு நடுவழியும் உண்டு. நடுவழி எங்கேதான் இல்லை?

பிடிவாதக்காரர்கள் பக்கம் உண்மை இருக்கிறது என்று உடனே சொல்லிவிட முடியவில்லை. நிஜ எஞ்சினில் தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பது ரிவெட்டுகள்; அவை வெளியே தெரிகின்றன. மாடலில் தகட்டின் பின்புறத்துக் குழிகளை ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் ரிவெட் தலைகள் வரிசையாக எழும்புகின்றன. அவை எதையும் பிடிப்பதில்லை. பிடிப்பது ஈயம், அது கண்ணில் படக்கூடாது. பித்தளை சுத்தமாயிருந்து சூடும் போதுமானால் ஈயம் தானே இடுக்கில் ஓடி மறைகிறது. இல்லையென்றால் கட்டியாக நிற்கிறது. ஆரம்பக்காரனின் மாலைப்பொழுதெல்லாம் சுரண்டுவதிலேயே கழிகிறது.

எடை இன்னும் மோசம். 50 டன் எஞ்சினை இந்த அளவுக்குச் சுருக்கினால் எடை சுமார் 115 கிராம்தான். சக்கரம் வழுக்கும், எதையும் இழுக்காது. எனவே நீரும் நீராவியும் இருக்கவேண்டிய பாய்லருக்குள் காரீயத்தை அடைக்கிறார்கள். 18.83காரர்களும் அடைக்கிறார்கள்.

கிராங்குகள் விஷயம் வேறு மாதிரி. ஒரு பக்கத்துக் கிராங்குக்கும் மறுபக்கத்துக்கும் 90 டிகிரி வித்தியாசம் வேண்டும். நிஜத்தில், ஒரு பிஸ்டன் கோடியில் நின்று தள்ள முடியாதபோது மற்றது தள்ளும். மாடலில் கோணம் 88 ஆனாலும் பாதகமில்லை, மூன்று அச்சிலும் 88ஆக இருந்தால் போதும். ஒன்று மாறினால் இணைப்புத் தண்டு இறுகிக்கொள்ளும். கணக்கு டாலியாவதும் சரியாயிருப்பதும் ஒன்றல்ல என்று வங்கியில் உத்தியோகம் பார்க்கிறவனுக்குத் தெரியும். ஒன்றையொன்று சரிக்கட்டும் இரண்டு தப்புகள் டாலியாகிவிடும். பேரேட்டில் அது குற்றம். இங்கே அதில்தான் சக்கரம் சுற்றுகிறது.

ஆக, பொய்கள் எல்லாம் ஒரே ஜாதியா? எனக்கு அப்படிப் படவில்லை. ரிவெட்டும் காரீயமும் சிறியதாய்ச் செய்யப் புகுந்ததன் நிர்ப்பந்தங்கள். பித்தளைக்குள் இறங்கியவன் அவற்றிலிருந்து தப்ப முடியாது. ஏழு அங்குலமும் ஒரு காலத்தில் நிர்ப்பந்தம்தான். இன்று விரல்நுனியளவு மோட்டார்கள் வந்துவிட்டன. காரணம் போய்விட்டது, அகலம் மட்டும் நிற்கிறது. எல்லோருடைய தண்டவாளமும் அதுதான் என்பதால். இதைப் பழக்கம் என்று தள்ளிவிடுவதும் சுலபமில்லை. 16.5ல் ஓடும் எஞ்சின் முன்பின் தெரியாத ஒருவரின் தண்டவாளத்தில் போய் ஓடும். அந்தச் சௌஜன்யம் சரியான அகலத்துக்குக் கிடையாது. நாவல் விஷயத்தில் இந்தச் சௌஜன்யத்தை நான் கேலி செய்வதுண்டு. பித்தளையில் அது அத்தனை கேவலமாகத் தெரியவில்லை.

ஆனாலும் 18.83ஐத்தான் எடுத்துப் பற்றவைத்தேன். சட்டம் இப்போது மேஜைமேல் கோணலில்லாமல் நிற்கிறது. இது ஓட இந்த ஊரில் ஒரு அடித் தண்டவாளம்கூடக் கிடையாது. ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணி ஒட்டி, அதையும் நானே போடவேண்டும்.