வைக்கோலும் பொறுமையும்

தை, மாசியில் தஞ்சை, திருவாரூர் பக்கம் சம்பா அறுத்த வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரம் ஓடுகிறது. கிடக்கிற தாளை அள்ளிச் சுருட்டிக் கயிறு சுற்றி உருட்டிவிட்டுப் போகிறது. பின்னாலேயே லாரி வந்து நிற்கும். கேரளத்துக்கும் மேற்கு மாவட்டங்களுக்கும் போகிற சரக்கு. விவரம் தெரிந்த வியாபாரி கட்டுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் ஈரத்தோடு கட்டியது. சில நாளில் கறுத்துப் பூசணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும் குறுவை வைக்கோலுக்குப் பெரும்பாலும் இந்தக் கதிதான்.

சம்பா வைக்கோல் தரமானது. ஆனாலும் வயலில் அதற்கு விலை கிடைப்பதில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் அறுப்பு. நெல் நிற்கும்போதே உளுந்து தெளித்தவருக்கு, முளையின் மேல் தாள் கிடந்து அழுத்துகிறதே என்ற தவிப்பு வேறு. வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். எடை குறைந்த, இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால் தூரத்து ஊரில் கொடுக்கும் காசில் பெரும்பங்கு லாரி வாடகைக்கே போய்விடுகிறது.

கையால் அறுத்த காலத்தில் களத்தில் தாளடித்து, கொல்லையில் போர் போட்டார்கள். மழைநீர் வழிந்தோடும்படி உச்சியைக் கூம்பாக வேய்வது தேர்ந்த கைகளின் வேலை. மேல்தாள் மழையில் கறுத்துப்போகும். உள்ளே கையை விட்டு உருவினால் பொன்னிறமாக வரும்.

அந்தப் போரின் மதிப்பு வறட்சியில்தான் தெரியும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் வைக்கோல் விலை ஏற ஏற, மாட்டு விலை இறங்கும். தீவனம் இல்லாத அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சந்தைக்கு ஓட்டி வருகிறார்கள். விற்க மனமில்லாத சினைமாட்டைக்கூட வந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். மழை பெய்து புல் தழைத்த பிறகு அதே மாதிரி மாட்டை வாங்கப் போனால் விலை எட்டாது. போர் வைத்திருந்தவர் மட்டும் இந்த அலைச்சலில் சேரவில்லை. அவர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவரால் பொறுத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான். விலை என்று நாம் சொல்வதில் பாதி, இப்படிப் பொறுத்திருக்க முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் உள்ள இடைவெளி.

எனக்குப் பெரிய கவலை, நிலமில்லாமல் ஒற்றைக் கறவை வைத்திருக்கும் பெண்களைப் பற்றித்தான். அறுப்பு வேலை இயந்திரத்துக்குப் போனபின் அவர்கள் ஒவ்வொரு கட்டையும் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது, அதுவும் சில்லறையாக, விலை ஏறிய மாதங்களில். பால் கூட்டுறவுச் சங்கங்களில் தினமும் பாலுக்குக் கணக்கு எழுதுகிறார்கள். அதே சங்கம் மாசியில் வைக்கோலை மொத்தமாக வாங்கி, மேட்டில் கூரை போட்டு அடுக்கி வைத்து, ஆனி, ஆடியில் பால் பணத்தில் கழித்துக்கொள்ளும்படி கொடுக்கலாம். லாரி ஏறுவதற்கு முன்பே பேச வேண்டிய பேரம் இது.