கறை நீக்கலும் மெய்ம்மையும்



2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வாகரையைத் தாக்கியபோது, வீட்டுச் சுவர்களில் தொங்கிய புகைப்படங்களும் நீரில் மூழ்கின. அப்படிக் கறைபட்ட தாயின் படமொன்றைச் சீராக்க, மகனொருவன் போட்டோஷொப் பழகுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெனுவுக்குள் மெனுவாக விரியும் அதனைப் பொறுமையிருந்தால் கற்றுவிடலாம். எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

‘இமேஜ்’ மெனுவிலுள்ள ‘லெவல்ஸ்’ மங்கிக் கிடப்பதைத் தெளிவாக்கும். ‘எடிட்’ மெனுவிலுள்ள ‘ஃபில்’, 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், சுற்றிலும் இருப்பதைக் கொண்டு அழிந்த இடத்தைத் தானே நிரப்பும். முன்னையது உள்ளதைக் காட்டும், பின்னையது ஊகிக்கும்.

பின்னணிச் சுவரை ஊகித்தால் குற்றமில்லை. தாயின் அழிந்த கண்ணை ஊகித்தால்? பேரப்பிள்ளைகள் அதையே அப்பம்மாவின் கண்ணென நம்பிவிடுவார்கள் அல்லவா?

ஆகவே மூலப்படத்தைப் பத்திரப்படுத்துங்கள். திருத்திய படத்தின் பின்புறம் ‘திருத்தியது’ என எழுதுங்கள். அன்பின் பொருட்டும் பொய்ச்சாட்சி ஆகாது.