சுமையும் உரிமையும்

தன்னாற் சுமக்க முடியாத விலங்கைக் கொல்வதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டா? இவ்வினா என் மனத்திலே தானாக எழுந்ததன்று. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நண்பன் ஒருவன் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு முதுகுப்பையைக் கொண்டுவந்து வைத்தபோது எழுந்தது.

பல்கலைக்கழகத்தில் நான் தமிழ் பயின்ற காலத்தில் அவன் பொறியியல் பயின்றவன். இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே தொழில் பார்க்கிறான். உடன் வேலைசெய்யும் ஒருவரோடு ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்தில் வில்வேட்டைக்குப் போகும் பழக்கம் அவனைப் பற்றிக்கொண்டது. "மச்சான், ஒரு விரலாலை தூக்கிப் பார்" என்றான். தூக்கினேன். 5 இறாத்தலுக்குச் சற்றே மேலிருக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை அதனிலும் பாரம்.

எடையைக் குறைப்பது அந்நாட்டு மலைநடையாளர் பலரிடையே ஒரு சமயம்போல ஆகியிருக்கிறது. 1952-ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவைச் சேர்ந்த டிக் கெல்ட்டி என்பவர் அலுமினியச் சட்டத்தில் நைலோன் பையைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். இடுப்புப் பட்டியினால் பாரம் தோளினின்றும் இடுப்பெலும்புக்கு இறங்கிற்று. பின்னர்ச் சட்டம் காபன் இழையாயிற்று, துணியும் மெலிந்தது. பல்துலக்கும் தூரிகையின் பிடியை அறுத்தெறிந்து எடையை மிச்சம் பிடிப்போரும் உளர் என்று நண்பன் சொன்னான். தானும் அறுத்தவன் என்பதைச் சற்றுப் பின்னரே ஒப்புக்கொண்டான்.

இவற்றை நான் ஏளனஞ் செய்யவில்லை. முதுகொடியச் சுமப்பதில் எவ்வித அறமும் இல்லை. மூடை தூக்கியே கூன்விழுந்த மனிதரைக் கண்டு வளர்ந்தவன் பாரத்தைக் குறைக்கும் கண்டுபிடிப்பை இகழமாட்டான். மேலும், வேட்டைக்கென அமைந்த பையிலே ஒரு நுட்பம் உண்டு. சட்டத்தையும் பையையும் சிறிது பிரித்து, இரண்டுக்கும் நடுவே இறைச்சியை வைத்துக் கட்டலாம். பாரம் முள்ளந்தண்டை ஒட்டி நிற்பதால் ஆள் பின்னுக்குச் சாயமாட்டான். போகும்போது இலேசாகவும் வரும்போது வலிதாகவும் இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். சிக்கல் அந்தப் 'போகும்போது' என்பதிலேதான் தொடங்குகிறது.

அவர்கள் சென்றது பிளற் ரொப்ஸ் என்னும் மேட்டுநிலக் காடு. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்துள் 1975-இற் கொண்டுவரப்பட்ட நிலம் அது. மோட்டார் வாகனம் அதனுள் நுழையக்கூடாது. நடந்தோ குதிரையிலோ போகலாம். அங்கு வாழும் எல்க் என்னும் மான் நம் நாட்டு மரையிலும் மிகப் பெரிது. வளர்ந்த ஆண் 700 இறாத்தல் வரை நிறுக்கும். எலும்பு நீக்கினாலும் ஏறக்குறைய 200 இறாத்தல் இறைச்சி மிஞ்சும்.

முதல் ஆண்டு பழைய கன்வசுப் பையோடு போனபோது 3 மைல் நடந்ததும் தோள் கடுத்தது. அங்கேயே கூடாரம் அடித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. புதிய பை வந்த ஆண்டு 7 மைல் சென்றார்கள். மற்றை வேட்டைக்காரர் வராத இடம். மாலையில் 30 யார் தூரத்திலே ஓர் ஆண் எல்க் நின்றது. எய்தான். அம்பு குண்டைப்போல அதிர்ச்சியாற் கொல்வதில்லை. குருதி வடிந்தே விலங்கு சாகும். காத்திருந்து, குருதித் துளிகளைப் பின்பற்றிப் போய்க் கண்டார்கள். இரவு முழுவதும் விளக்கொளியிலே தோலுரித்து, கால்களை எலும்போடு கழற்றித் துணிப்பைகளில் இட்டு மரத்திலே தொங்கவிட்டார்கள்.

அதன் பின்னரே கணக்குத் தொடங்கிற்று. ஆளுக்கு 75 இறாத்தல் வீதம் சுமந்தாலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு நடை. சுமையோடு 7 மைல், வெறுங்கையோடு 7 மைல், மீண்டும் சுமையோடு 7 மைல். ஏறக்குறைய 10,000 அடி உயரத்திலே மூச்சு வாங்கி வாங்கி நடக்கவேண்டும். வெயிலோ அவ்வாண்டு தணியவில்லை. மூன்றாம் நாட் பிற்பகல் கடைசிச் சுமையை எடுக்கப் போனபோது பின்னந்தொடையின் எலும்பையொட்டி இறைச்சி நாறத் தொடங்கியிருந்தது. தோழர் விட்டுவரலாம் என்றார். நண்பன் விடவில்லை. உண்ண முடியாதென்று அறிந்தும் 7 மைல் சுமந்தான். வந்து எறிந்தான்.

எதற்காகச் சுமந்தாய் என்று கேட்டேன். தெரியாது என்றான்.

உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது கொலராடோவிற் குற்றம். கொம்புக்காகத் தலையை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கைவிடுவது பாரிய குற்றம். இவன் அப்படிப்பட்டவனல்லன்; இயன்றதெல்லாம் செய்தான். ஆயின் தவறு எங்கே நிகழ்ந்தது? அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலிலே இதற்கு ஒப்பான ஒன்றை ஆராய்கிறார். எறிந்த கல்லை மீட்க இயலாது. எனினும் எறிவதும் எறியாது விடுவதும் முன்னர் எறிந்தவன் கையிலேயே இருந்தன. ஆதலின் அவன் பொறுப்பினின்று நீங்கான் என்பது அவர் கருத்து. நாணை விட்ட கணத்தையே நாம் அத்தகைய கணமாகக் கருதுவோம். எனக்கோ அதற்கும் முந்திய ஒரு கணம் தெரிகிறது. வீட்டிலே தராசின் முன் குந்தியிருந்து தூரிகையை அறுத்தானே, அப்பொழுது அவன் போகும் பாரத்தை மட்டுமே நிறுத்தான்; வரும் பாரத்தை நிறுக்கவில்லை. எல்க்கின் எடை ஓர் அவுன்சும் குறையவில்லையே! பழைய பையின் கடுப்பு அவனை 3 மைலில் நிறுத்திவைத்தது. அந்த நோ ஓர் அளவுகோலாயிருந்தது. அதனை நீக்கியவன் அதற்கு ஈடாக வேறோர் அளவுகோலைத் தேடிக்கொள்ளவில்லை.

வில்லும் இலேசாகியிருக்கிறது. மிசூரி மாநிலத்து ஹொலிஸ் வில்பர் அலன் என்பவர் ஆக்கிய கப்பி வில்லுக்கு 1969-இற் காப்புரிமை கிடைத்தது. நாணை முற்றாக இழுத்தபின் கை தாங்கவேண்டியது முழுப்பாரத்தில் ஒரு சிறுபகுதியே. குறி நேராகிறது, விலங்கின் வேதனையும் குறையலாம். அதனை நன்மை என்றே கொள்கிறேன்.

நிற்க. இவ்வில்வேட்டை அமெரிக்க வெள்ளையரிடையே எவ்வாறு மீண்டும் பரவிற்று என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. 1911 ஓகஸ்டில், கலிபோர்ணியாவின் ஒரோவில் என்ற ஊரருகே, பசியால் வாடிய ஒரு மனிதர் காட்டைவிட்டு வெளியே வந்தார். யாஹி மக்களில் எஞ்சியவர் அவர் ஒருவரே. வெள்ளைக் குடியேறிகள் 1860களில் அவர் மக்களைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றிருந்தனர். தம் பெயரை அவர் எவருக்கும் சொல்லவில்லை. 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்ற சொல்லாலே அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நூதனசாலையிலே தங்கவைத்தார்கள். அவருக்கு வைத்தியம் பார்த்த சக்ஸ்டன் போப் என்னும் சத்திரசிகிச்சையாளர் அவரிடம் வில்வித்தை கற்றார். 1916-இல் இஷி காசநோயால் இறந்தார். 1923-இற் போப்பின் வில்வேட்டை நூல் வெளியாயிற்று. 1961-இல் அமைந்த சங்கம் ஒன்று போப்பின் பெயரையும் அவர் தோழர் ஆதர் யங்கின் பெயரையும் சூடிக்கொண்டு, கொம்பை அளந்து சாதனைகளைப் பதிந்துவருகிறது. கற்பித்தவரின் பெயர் சங்கத்தின் பெயரில் இல்லை.

நண்பன் நடந்த நிலத்துக்கும் இவ்வாறு ஒரு கதை உண்டு. வனாந்தரம் என்பது மனிதன் விருந்தாளியாய் வந்து தங்காது திரும்பும் இடம் என்று 1964-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. ஆனால் அந்த மேட்டுநிலம் யூட் மக்களின் வேட்டைநிலம். 1881-இல் இராணுவத்தைக்கொண்டு அவர்களை யூட்டாவுக்குத் துரத்திய பின்னரே அது ஆளில்லாக் காடாயிற்று. அவர்களுக்கு வேட்டை ஒரு கூட்டுழைப்பு. வீழ்ந்ததைச் சுமக்கக் குதிரைகள் இருந்தன. இறைச்சியைக் கீறி உலர்த்தப் பல கைகள் இருந்தன. ஒரு விலங்கு முழுவதுக்கும் இரண்டு முதுகுகளே துணை என்ற நிலை, தனிமையை விலைகொடுத்து வாங்கி இன்புறும் நாகரிகத்திலேதான் தோன்றுகிறது.

வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடிய புறப்பாட்டை வகுப்பிலே படிப்பிக்கும்போது மாணவர் வாய்பிளப்பர். அவற்றை யார் சுமந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அதே பாட்டில் ஓரி, வந்த பாணர் கூட்டத்துக்குத் தான் வேட்டையாடிய மானிறைச்சியைக் கொடுக்கிறான். இறைச்சி காட்டிலேயே பசித்த வாய்களைச் சேர்ந்துவிடுகிறது. அம்பையே வியந்துகொண்டிருந்த நான் அவ்விருந்தை வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் கேட்டு நண்பனுக்குச் சினம் வந்துவிட்டது. "நீ சந்தையிலை ஒரு கிலோ ஆட்டிறைச்சியைச் சொப்பிங் பையிலை கொண்டு வாறாய். அந்த ஆட்டை ஆர் சுமந்தது?" என்றான். நியாயமான கேள்வி. அறுத்தவரையும் உரித்தவரையும் நான் அறியேன். கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்ததுமில்லை. எனக்காகப் பாரத்தைப் பிறர் இறக்கி வைத்திருக்கிறார்கள். என் கைக்கு வருவது ஒரு கிலோ மட்டுமே. அவனாவது நாறிய தொடையை 7 மைல் சுமந்தான். இதனை அவனிடம் ஒப்புக்கொண்டேன். ஆயினும் என் குற்றத்தைக் காட்டி அவன் குற்றத்தைக் கழித்துவிடலாகாது என்றும் சொன்னேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

இந்தச் செப்டெம்பரிலும் போகிறான். பையும் அதே பைதான். ஆனால் வரைபடத்தில், வண்டியை நிறுத்தும் இடத்தைச் சுற்றி 3 மைல் தூரத்துக்கு ஒரு வட்டம் கீறியிருக்கிறான். அதற்குள் என்றால் இருவரும் ஒரே நாளிற் சுமந்து முடித்துவிடலாமாம். தோழர் சிரித்தாராம். வட்டத்துக்கு வெளியே கால் மைலில் ஒரு பெரிய கொம்பன் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அங்கே போய் நின்றால்தான் தெரியும் என்றான்.