பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே

சென்னையில் பிறந்து வளர்ந்தவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் பெரும்பாலும் வேறொரு ஊரின் பெயர்தான் பதிலாக வரும். அப்பா பிறந்த ஊர், தாத்தாவுக்கு நிலம் இருந்த ஊர், குலதெய்வம் இருக்கிற ஊர். நானும் நெடுங்காலம் திருநெல்வேலிப் பக்கம் என்றே சொல்லி வந்தேன். அங்கே நான் இருந்ததெல்லாம் கோடை விடுமுறைகளில்தான். வேறு மாநிலத்தில் வேலையும் வீடும் அமைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தூக்கம் வராத ராத்திரிகளில் மனசு தாமிரபரணிக்குப் போவதில்லை. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அதுவும் இன்றைய அகலமான வண்டியில் அல்ல; பழைய மீட்டர்கேஜ் எலக்ட்ரிக் ட்ரெயினில்.

1931 மே மாதம் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஓடவிட்டது. தூரம் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாம்பலத்தில் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கிண்டிக்குத் தெற்கே வயலும் ஏரியும் பாறைக்குன்றுமாகக் கிடந்த கிராமங்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் வாடகை கட்டி மாளாத குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் பிற்பாடு நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கித் துணிந்து வீடு கட்டியதற்கு இந்த வண்டிதான் காரணம். சீசன் டிக்கெட் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும், பாரிமுனை ஆபீஸ் எட்டிவிடும் என்ற தைரியம். ஒரு மாநகரம் தெற்கே இத்தனை நீளமாக வளர்ந்தது அந்தத் தைரியத்தின் மேல்தான் என்று நான் நினைக்கிறேன்.

பெட்டிக்குள் இடம் குறுகல். எதிரே உட்கார்ந்தவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். காலையில் ஏறும் முகங்களெல்லாம் ஏறத்தாழ அதே முகங்கள். பெயர் தெரியாது, ஆனால் யார் மாம்பலத்தில் இறங்குவார், யார் கோட்டை வரை வருவார் என்று தெரியும். நிற்கிறவர் கேட்காமலேயே உட்கார்ந்திருக்கிறவர் கை நீட்டி அவர் சாப்பாட்டுப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்ந்து முடித்து, பூவும் தொடுத்து முடித்துவிடுவார்கள் என்று அம்மா சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பல்லாவரம் வந்ததைத் தோல் ஷாப்புகளின் வாடை சொல்லிவிடும். குரோம்பேட்டைக்குப் பெயரே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால் வந்தது. அந்த வாடையைப் பற்றி அன்று எல்லோரும் முகம் சுளித்தோம். இன்று அதை நினைத்தால் எனக்கு வீடு நெருங்கிவிட்ட உணர்வு வருகிறது.

அப்பாவுக்கு இந்த ரயில் வேறொன்றாக இருந்தது. எழும்பூரிலிருந்து தெற்கே போன எக்ஸ்பிரஸ்களும் அன்று மீட்டர்கேஜ்தான். விழுப்புரம் வரை மின்சார எஞ்சின் இழுக்கும். அங்கே எஞ்சின் மாற்றுவார்கள். சாயங்காலம் மாம்பலத்தில் நாங்கள் லோக்கலுக்காக நிற்கும்போது நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடந்தால், அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். “அந்தா போகுது பாரு, நம்ம ஊரு வண்டி” என்பார். நம் வீட்டு வாசலில் ஓடும் இந்தப் பாதையே அப்படியே நீண்டு ஊருக்குப் போகிறது என்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, நானும் ஊர் விட்டுப் போன பிறகுதான் விளங்கியது. அவர் சென்னையில் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். கடைசிவரை சென்னை அவருக்குப் பிழைக்க வந்த இடம்தான்.

1990களின் கடைசியில் தென்மாவட்ட ரயில்கள் அகலப்பாதைக்கு மாறின. 2004 ஜூலையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் லோக்கலும் நின்றது. நின்றது நல்லதுதான். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இருந்த இடத்தில் இன்று 1.676 மீட்டர். பெட்டிகள் பெரியவை, ஆள் ஏறும் அளவும் பெரிது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் அடிபட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்தவன், அந்தக் குறுகல் திரும்பி வரட்டும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பழசை நினைத்து உருகுகிறவர்களிடம் எனக்குள்ள ஒரே சண்டை இதுதான்: உருகலாம், அதற்காக அந்தக் காலத்தை நல்ல காலம் ஆக்கிவிடக் கூடாது.

இருந்தும் ஏக்கம் போகவில்லை. அது எதன்மேல் என்று யோசித்துப் பார்க்கிறேன். இளமையின் மேல் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஊர் என்பது அப்பா கையளித்துவிட்டுப் போகிற சொத்து என்று நம்பி வளர்ந்தோம். ஆனால் ஒரு வழியில் திரும்பத் திரும்பப் போய்வந்து, மழைக்கு ஒதுங்கி, கூட்டத்தில் நசுங்கி, முகம் தெரிந்தவர்களுக்குத் தலையாட்டி, நாமே சம்பாதித்துக்கொள்கிற ஊரும் உண்டு. எனக்கு அப்படிக் கிடைத்தது இந்த ரயில் கோடு. அதை அப்பாவுக்கு எதிரான காரியமாக நினைத்து இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்தேன். அப்படி நினைக்க அவசியமே இல்லை. அவருக்கு அவர் ஊர், எனக்கு என் ஊர். இரண்டும் ஒரே தண்டவாளத்தில்தான் இருந்தன.

போன முறை சென்னை போனபோது கிண்டியிலிருந்து தாம்பரம் வண்டியில் ஏறினேன். பெட்டியில் பாதிப் பேர் கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகள். ஒருவன் கைபேசியில் சத்தமாகத் தன் ஊர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். எனக்குப் புரியாத பாஷை. பக்கத்தில் அவன் மகன், ஏழெட்டு வயசிருக்கும், பள்ளிக்கூடச் சீருடையில். பல்லாவரம் வந்ததும் பையன் அப்பாவின் சட்டையை இழுத்து எழுப்பிவிட்டு, வாசலை அடைத்து நின்ற எங்களைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க, நம்ம ஸ்டாப்பிங்கு” என்றான்.