அஞ்சேல் என்னும் திருக்கரம்



கூத்தப் பெருமானின் திருமுன் நிற்கும்போது அவருடைய கரங்களை உற்று நோக்குவோம். உடுக்கை ஏந்திய கரம் படைத்தலையும், நெருப்பு ஏந்திய கரம் அழித்தலையும், "அஞ்சேல்" என்று காட்டும் அபய கரம் காத்தலையும் குறிக்கும். ஊன்றிய திருவடியின் கீழே அறியாமையின் உருவான முயலகன் கிடக்கிறான். அச்சம் நீக்கும் கரமும் அறியாமையை மிதிக்கும் பாதமும் ஒரே மூர்த்தியிடம் உள்ளன. அச்சம் அகன்ற இடத்திலேதான் அறிவு வளரும் என்று இதிலிருந்து நாம் உணரலாம்.

இந்த உண்மையை எம்மவர்கள் பட்டு அறிந்தவர்கள். 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலையில் விமானக் குண்டு வீழ்ந்து மாணவர் பலர் மாண்டனர். அடுத்த மாதம் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளே அகதி முகாம்களாயின. வானத்து இரைச்சலையே கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லும் கணக்கு ஏறுமா? இரவில் உறக்கமில்லை, பாடமாக்கியது மனதில் நிற்பதில்லை, காலையில் பள்ளிக்கு அனுப்பத் தாய்க்கும் மனம் வருவதில்லை. நல்ல மூளையுள்ள பிள்ளையும் இப்படித்தான் படிப்பில் பின்தங்குகிறது.

"பதுங்குகுழிக்குள் சிமினி விளக்கில் படித்துத்தான் நாங்கள் முன்னுக்கு வந்தோம்" என்று எம்மில் பலர் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அது உண்மையான பெருமை. அதே விளக்கில் படித்தும் பரீட்சை எழுதாமலே நின்றுவிட்ட வகுப்புத் தோழர்களையும் சேர்த்துச் சொல்வோம். தேறியவர் கதையை மட்டும் கேட்கும் பிள்ளை, தன் பயத்தை வாய் திறந்து கூற வெட்கப்படும்.

நாம் வந்து சேர்ந்த இந்நாட்டில் குண்டு விழுவதில்லை. ஆயினும் நிறத்தையும் பெயரையும் சொல்லிக் கேலி செய்பவர்களும், இடைவேளையில் அடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அஞ்சி ஒடுங்கும் பிள்ளைக்கும் பாடம் ஏறாது. ஆகவே தவணை அறிக்கை வீட்டிற்கு வரும்போது, புள்ளிகளைப் பார்க்குமுன் "பள்ளிக்கூடத்தில் ஏதும் பயமோ, பிள்ளை?" என்று கேட்போம். பதிலைப் பொறுமையாகக் கேட்டபின் ஆசிரியரிடம் சென்று பேசுவோம். இந்நாட்டு மொழி தெரியாத பெற்றோருக்கு, தெரிந்த அடியார் ஒருவர் துணை போகலாம். அதுவும் சிவத்தொண்டே.

அபய கரத்தைக் கும்பிடும் நாம், எம் பிள்ளைகளுக்கும் அபயம் அளிப்போமாக. எல்லாம் வல்ல சிவபெருமான் அதற்கு அருள் புரிவாராக.